கேட்க ஆளில்லாத பிள்ளை

தைரியராஜுக்கு வயது எழுபத்தொன்று. ரயில்வே கோட்ட அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். மனைவி விஜயராணி இறந்தபின் மன்னார்புரத்து வீட்டில் தனியாக வாழ்ந்து வந்தார். காலை ஐந்தேகாலுக்கு எழுவார். ஆறு மணித் திருப்பலிக்கு நடந்தே செல்வார். திரும்பும் வழியில் அரை லிட்டர் பால் பாக்கெட்டும் நாளிதழும் வாங்குவார். சனிக்கிழமைதோறும் ஒரு வாளியையும் ஒரு பிடி தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், மனைவியின் கல்லறையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவார். அக்கல்லறைக்கு இடப்பக்கம் ஒருவர் படுக்குமளவுக்கு இடம் விடப்பட்டிருந்தது. தைரியராஜுக்கென்று பங்குச் சாமியார் தாமாகவே ஒதுக்கித் தந்த இடம் அது. அவர் கேட்டுப் பெற்றதன்று.

தைரியராஜ் யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். அலுவலகத்தில் இடமாற்றம் கேட்டதில்லை. பந்தியில் இலை வெறுமையாக இருந்தாலும் பரிமாறுபவரை அழைத்ததில்லை. "இவரு பந்தியில உக்காந்தா சாம்பார் தானா பார்த்து வந்து ஊத்திக்கணும்" என்று விஜயராணி சொல்லிச் சிரிப்பதுண்டு. இவ்வழக்கத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. அவருக்குப் பத்தொன்பது வயதானபோது லால்குடியில் அவர் தந்தை இறந்தார். எங்கே அடக்கம் செய்வது என்பதைப் பற்றிச் சிற்றப்பன்மார் இருவரும் பாடையை வாசலில் வைத்துக்கொண்டே சண்டையிட்டனர். மழை பிடித்துக்கொண்டது. தந்தையின் முகத்தில் நீர் வழிவதைப் பார்த்தபடி நின்ற அந்த இளைஞன், தன் வாழ்நாளில் எவர் முன்னும் எதற்காகவும் வாதாடுவதில்லை என்று அன்று முடிவு செய்தான்.

அவருடைய மகன் பிரவீன்ராஜ் பதினோராண்டுகளுக்குமுன் வேலை கிடைத்து நியூசிலாந்துக்குப் புறப்பட்டபோதும் அவர் 'இரு' என்று கேட்கவில்லை. அங்கே மெரே என்னும், அந்நாட்டுப் பழங்குடியான மாவோரி இனத்துப் பெண்ணை மணக்கப் போவதாக அவன் தொலைபேசியில் தெரிவித்தபோதும் எதுவும் கேட்கவில்லை. மாதா கோவிலில்தான் கல்யாணம் என்று அவனே சொல்லிவிட்டதால் அதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு ஹனா என்று ஆறு வயதில் ஒரு பெண். இந்தத் தை மாதம் மூவருமாக வருவதாக இருந்தது. புறப்படும் வாரத்தில் குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டதால், அவளை மெரேயின் தாயாரிடம் விட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் மட்டும் வந்தனர்.

வந்த ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை காலையில், பிரவீன்ராஜ் மெரேயை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துச் சென்றான். கோபுரத்தைப் பார்த்துவிட்டு இருவரும் அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு வந்தனர். அங்கே சிலர் இறந்த தம் பெற்றோருக்காகப் பிண்டம் வைத்துக்கொண்டிருந்தனர். அது என்னவென்று மெரே கேட்க, விளக்கிச் சொல்லிக்கொண்டே படியில் அமர்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இருதயம் நின்றுவிட்டதாக மருத்துவமனையில் பன்னிரண்டு மணி இருபது நிமிடத்துக்குச் சொன்னார்கள். அவனுக்கு முப்பத்தெட்டு வயது.

மருத்துவர் சொல்லிவிட்டுப் போன அந்தத் தாழ்வாரத்தில்தான் முதல் பிழை நேர்ந்தது. அதைப் பிழையென்று அப்போது எவரும் அறியவில்லை.

தரையில் அமர்ந்திருந்த மெரே எழுந்தாள். நல்ல உயரமும் அகன்ற தோள்களும் உடையவள். நேரே தைரியராஜின் எதிரே வந்து நின்று, செவிலியர் திரும்பிப் பார்க்குமளவுக்கு உரத்த குரலில் ஆங்கிலத்தில் பேசினாள். அவர் தன் கணவர். அவரைத் தன் ஊருக்குக் கொண்டு போகப் போகிறாள். கடலைப் பார்த்த குன்றில் தன் முன்னோர் கிடக்குமிடத்தில் அவரும் கிடப்பார். இதுதான் தன் சொல். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, பேச்சை நிறுத்தி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தைரியராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணவனை இழந்து ஒரு நாழிகைகூட ஆகாத பெண்ணை எதிர்த்து ஒரு சொல் சொல்வது அவரால் ஆகக்கூடியதன்று.

"சரிம்மா. உன் இஷ்டம்," என்றார். அதையே ஆங்கிலத்திலும் ஒருமுறை சொன்னார்.

மெரேயின் முகம் வெளிறிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் திரும்பிக்கொண்டாள். துயரத்தின் களைப்பு என்று அவர் எண்ணினார்.

அதன்பின் காரியங்கள் விரைந்து நடந்தன. மகள் லிசியின் கணவன் ஆசீர் சான்றிதழ்களுக்காக அலைந்தான். உடல் கெடாதிருக்க மருந்தேற்றி, வியாழக்கிழமை இரவு சிங்கப்பூர் வழியாகச் செல்லும் விமானத்தில் அனுப்புவதென்று ஏற்பாடாயிற்று. வியாழன் பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். வண்டி ஓட்டும் முஜிபுர் ரஹ்மானிடம் நேரமும் சொல்லியாயிற்று.

திங்கட்கிழமை மாலையே லால்குடியிலிருந்து சகாயம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். தைரியராஜின் தமக்கை, எழுபத்தெட்டு வயது, பிரவீன்ராஜைப் பிறந்த அன்று முதலில் கையில் வாங்கியவர். தெருமுனையிலிருந்தே மாரிலடித்துக்கொண்டு வந்தவர், உடல் நியூசிலாந்துக்குப் போகிறது என்று கேள்விப்பட்டதும் அழுகையை நிறுத்திவிட்டார்.

"அவ கேட்டா, நீ சரின்னுட்டியா? அப்ப உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

அவள் மனைவி, அவளுக்கே உரிமை என்று லிசி சமாதானம் சொல்லப் பார்த்தாள். சகாயம்மாள் அதை ஏற்கவில்லை. பெற்றவள் இங்கே மண்ணில் கிடக்கிறாள், பிள்ளை கடல் தாண்டிக் கிடப்பானா என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். சுவரைப் பார்த்துக் கேட்டாலும் கேள்வி மெரேக்குத்தான் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. தமிழறியாத மெரேக்கும் தெரிந்தது.

அன்றிரவு உடலைக் கண்ணாடி மூடியிட்ட ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். மூடியைத் திறக்கச் சொன்னாள் மெரே. குளிர் போய்விடும் என்று பெட்டி கொண்டுவந்தவர் தடுத்தார். கண்ணாடிக்குள் பூட்டி வைக்க அவர் என்ன கடைப்பொருளா என்று அவள் கேட்டதை லிசி மொழிபெயர்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் மருந்தேற்றி மரப்பெட்டியில் உடல் வீடு வந்தபிறகு, மெரே மூடியை எடுத்து மாடிப்படியின் கீழே சாத்திவிட்டாள். அந்த நேரம் முதல் அவள் பெட்டியை விட்டு அகலவில்லை. அவள் குளிக்கப் போனால்கூட லிசி தலைமாட்டில் அமர வேண்டும். இறந்தவரை ஒரு நிமிடமும் தனியே விடக்கூடாதாம்.

அதுவரையில் எவருக்கும் மறுப்பில்லை. பிறகு நடந்தவைதாம் உறவினரை முணுமுணுக்க வைத்தன. மெரே கொல்லையில் இருந்த கொய்யாமரத்திலிருந்து தழைகளை ஒடித்து, தங்கள் துக்கமுறைப்படி வளையமாகப் பின்னித் தலையில் சூடிக்கொண்டாள். பூவையும் பொட்டையும் எடுக்க வேண்டிய நேரத்தில் இவள் தழை சூடுகிறாளே என்று பெண்கள் வாயில் கைவைத்தார்கள். சுவரில் மாலையோடு தொங்கிய விஜயராணியின் படத்தைக் கழற்றி, பெட்டிக்குள் மகனின் தோளுக்கருகே சாய்த்து வைத்தாள். அவன் நெற்றியில் தன் நெற்றியையும் மூக்கில் தன் மூக்கையும் வைத்து வெகுநேரம் இருந்தாள். உயிரோடிருப்பவனிடம் பேசுவதுபோல அவனிடம் பேசிக்கொண்டே இருந்தாள். செவ்வாய் பிற்பகலில், அறை நிறையச் சனம் இருக்கும்போது, ஏதோ நினைவு வந்து அவனிடம் சொல்லி, வாய்விட்டுச் சிரித்தாள்.

சகாயம்மாள் எழுந்துவிட்டார்.

"புருஷன் பொணத்துக்கு முன்னாடி பல்லைக் காட்றா. இவளா அங்க கொண்டுபோய் அழுது அடக்கம் பண்ணப் போறா?"

மெரே தலைநிமிர்ந்து, அவர் என்ன சொன்னார் என்று லிசியைக் கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் லிசி. மெரே மறுபடி கேட்டாள். பிறகு, என்ன சொன்னாரோ அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல், இன்னும் சொல்லச் சொல் என்றாள். அவள் கண்களில் கோபத்தைவிட வேறேதோ ஒன்று மிகுந்திருந்ததை லிசி கண்டாள். ஆனால் அது இன்னதென்று அவளுக்கு விளங்கவில்லை.

தைரியராஜ் சகாயம்மாளைத் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார். "வேணாம்க்கா," என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அதைப் பார்த்த மெரே தழைவளையத்தைச் சரிசெய்துகொண்டு பெட்டியின் பக்கம் திரும்பிவிட்டாள். மருத்துவமனையில் அவர் சரி என்றது முதல் அவள் அவரை 'மாமா' என்று அழைக்கவில்லை.

புதன்கிழமை காலையில் மெரே ஸ்ரீரங்கத்துக்குப் போக வேண்டும் என்றாள். அவன் உயிர் போன இடத்தில் அவனை விட்டுவிட்டு வந்திருக்கிறோம். உடலை மட்டும் கொண்டு வந்தால் போதாது. அங்கே போய்க் கூப்பிட்டு உடன் அழைத்துவர வேண்டும் என்பது அவள் முறை. பெட்டிக்கருகே தைரியராஜை உட்கார வைத்துவிட்டு லிசி அவளோடு ஆட்டோவில் சென்றாள்.

படித்துறையில் அன்றும் கூட்டம் இருந்தது. திங்களன்று அவன் அமர்ந்த படியைத் தேடிக் கண்டுபிடித்து, மெரே அதன்மேல் நின்று ஆற்றை நோக்கிக் குரலெடுத்தாள். பாட்டென்றும் சொல்ல முடியாது, ஒப்பாரியென்றும் சொல்ல முடியாது. உயர்ந்து நீண்டு, நடுங்கி, ஓரிடத்தில் அறுந்து மீண்டும் எழுந்த ஓர் அழைப்பு. நீரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தனர். ஒருவர் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்க முற்பட்டார். லிசிக்கு உடம்பெல்லாம் கூசிற்று.

அருகில் ஒருவருக்குத் தர்ப்பணம் செய்து வைத்துக்கொண்டிருந்த வாத்தியார் மந்திரத்தை நிறுத்தினார்.

"யாரைக் கூப்பிடறா?"

"அவங்க வீட்டுக்காரரை. எங்க அண்ணன். திங்கக்கிழமை இந்தப் படியிலதான்..."

வாத்தியார் படியைப் பார்த்தார். பிறகு படம் பிடித்தவரைப் பார்த்து, "அதை உள்ள வையும் ஓய். நாங்க மந்திரத்துல கூப்பிடறோம், அவ தொண்டையால கூப்பிடறா. கூப்பிடட்டும்," என்று சொல்லிவிட்டு, தம் தர்ப்பைகளைச் சற்றுத் தள்ளி வைத்து அவளுக்கு இடம் விட்டார்.

அழைத்து முடித்தபின் மெரே ஆற்றுநீரைக் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். திரும்பும் வழியில், காவிரிப் பாலத்தின்மேல் ஆட்டோ நெரிசலில் நின்றிருந்தபோது, அவள் முதன்முறையாக லிசியிடம் மனம் திறந்தாள்.

அவர்கள் ஊரில் ஒருவர் இறந்தால், அவர்மேல் உரிமையுள்ள எல்லாரும் வந்து உடலைக் கேட்பார்கள். பெற்றோர் வழியார் எங்களுக்குக் கொடு என்பார்கள். மனைவி வழியார் மாட்டோம் என்பார்கள். பெட்டியின் முன்னேயே நின்று, குரலை உயர்த்தி, அவன் கேட்கும்படியாகச் சண்டையிடுவார்கள். அதுதான் இறந்தவனுக்குச் செய்யும் மரியாதை. எவரும் கேட்காமல் ஒருவனை எடுத்துச் செல்வதென்பது, அவன் யாருக்கும் வேண்டாதவன் என்று ஊரறியச் சொல்வதாகும். பிறந்த மண்ணாருக்கே முதல் உரிமை என்பதும் அவர்கள் வழக்கந்தான். அது தெரிந்தும் தான் முந்திக்கொண்டு கேட்டது, எதிர்த்துக் கேட்பதற்கு அவர்களுக்கு வழிவிடவே. ஆனால் மாமா சரி என்று சொல்லிவிட்டார்.

"என் தாய்மாமனுக்குப் போன் செய்து சொன்னேன். அவனுக்காக எழுந்து நின்றது யார் என்று கேட்டார். ஒருவருமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை," என்றாள் மெரே. பிறகு, "உன் அத்தை மட்டும் எழுந்தாள். அந்த வீட்டில் அவனை நேசித்தவள் அவள் ஒருத்திதான்," என்றாள்.

வீட்டுக்குள் நுழையுமுன் மெரே வாசலில் நின்று கைகழுவ நீர் கேட்டாள். கேட்க வேண்டியிருக்கவில்லை, சாவு வீட்டு வழக்கப்படி சகாயம்மாள் ஏற்கெனவே வாசலில் தவலை நிறைய நீர் வைத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லிசி தந்தையைக் கொல்லைப்பக்கம் அழைத்துச் சென்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். இறுதியில், பெட்டியை வைத்துக்கொண்டு வாதாடுவது தம்மால் முடியாது என்றார். தம் தந்தையின் முகத்தில் மழை விழுந்ததைச் சொன்னார். அதை அவர் தம் பிள்ளைகளிடம் சொன்னது அதுவே முதல்தடவை.

"அப்பா, உங்களுக்கு அண்ணன் இங்க இருக்கணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கும்மா," என்றார்.

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்லப்பா."



வியாழக்கிழமை காலைத் திருப்பலி முடிந்து அவர் வீடு திரும்பத் தாமதமாயிற்று. பாலும் வாங்கி வரவில்லை. நாளிதழும் வாங்கி வரவில்லை. சனிக்கிழமையில்லாத ஒரு நாளில் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தார் என்பது அவர் செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணால் தெரிந்தது.

பிற்பகல் இரண்டரை மணிக்கு முஜிபுர் ரஹ்மானின் வண்டி வாசலில் வந்து நின்றது. ஆசீர் தாள்களைக் கோப்பில் அடுக்கினான். பெட்டியை மூடுவதற்காக இருவர் மாடிப்படியின் கீழிருந்து மூடியை எடுத்தார்கள். அப்போது மெரே கையை நீட்டித் தடுத்தாள். தன் தாய்மாமன் வீரெமு பேச வேண்டும் என்று சொல்லி, கைப்பேசியைப் பெட்டிக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். திரையில் வெண்தாடி வைத்த ஒருவர் தெரிந்தார். அங்கே அவரும் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

அவர் தம் மொழியில் இறந்தவனோடு நேரடியாகப் பேசினார். போ, போ, போ என்று அவனுக்கு விடைகொடுக்கிறார் என்று மெரே சொல்ல, லிசி தமிழில் சொன்னாள். பிறகு அவர் ஆங்கிலத்துக்கு மாறி, கூடியிருந்தவர்களை விளித்து, இந்த மனிதனின் சனங்களுக்காக யார் பேசப் போகிறீர்கள் என்று கேட்டார்.

வெளியே வண்டியின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் பேசறேன்," என்று சகாயம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மெரே அவரை மரியாதையோடு பார்த்தாள். பிறகு தலையசைத்து, தந்தை பேசட்டும் என்றாள். எல்லார் பார்வையும் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்த தைரியராஜின்மேல் விழுந்தது.

அவர் எழுந்திருப்பதற்கு நேரமாயிற்று. பெட்டியின் அருகே வந்து, விளிம்பைப் பற்றிக்கொண்டார். அவர் மகனுக்கு ஏதோ விடைசொல்லப் போகிறார் என்றே உறவினர் எண்ணினர்.

"அம்மா மெரே," என்றார் தமிழில். "இவனை நான் தரமாட்டேன்."

லிசி சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள்.

"இவன் பொறந்தது இந்த ஊர்ல. ஞானஸ்நானத்துக்குத் தண்ணி ஊத்துனது இந்தக் கோயில்ல. இவன் அம்மா இங்க இருக்கா. அவ பக்கத்துல ஒரு இடம் இருக்கு, எனக்குன்னு வச்சது. காலையில போய்ப் படுத்தே பார்த்துட்டேன். இவனுக்குச் சரியா இருக்கும். எனக்கு வேற எங்கயாவது பாத்துக்கலாம்." குரல் உயர்ந்துகொண்டே வந்தது. எழுபத்தொரு ஆண்டுகளாக அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. அவர் மெரேயை விட்டுப் பெட்டியின் பக்கம் குனிந்தார். "டேய் பிரவீனு. நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்புனப்ப நான் வாசல்ல நின்னு கைய ஆட்டுனேன். இருடான்னு கேக்கல. கேட்டிருந்தா இருந்திருப்பியோ என்னமோ. இப்ப கேக்கறேன். இருடா. எங்கயும் போகாத."

ஆசீர் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மெரே விட்டுக்கொடுக்கவில்லை. அவள் பெட்டியின் மறுபுறம் நிமிர்ந்து நின்று, அவருக்குச் சற்றும் குறையாத குரலில் பதிலளித்தாள். மூன்று நாட்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள். வண்டி வாசலில் வந்து நிற்கும்போதுதான் மகன் நினைவுக்கு வந்தானா என்று கேட்டாள். எட்டாண்டுகளாக அவன் காய்ச்சலில் படுத்தபோதெல்லாம் நெற்றியில் கை வைத்தவள் தான் என்றாள். பிறகு குரல் தழைந்தது.

"ஹனா தினமும் அப்பா எப்போது வருவார் என்று கேட்கிறாள், மாமா. அவள் கையைப் பிடித்து எந்த மண்ணைக் காட்டுவேன்? ஒரு போட்டோவையா காட்டுவது?"

மூன்று நாட்களுக்குப் பிறகு 'மாமா' என்றாள்.

"பாப்பாவை இங்க கூட்டிட்டு வா. இந்த மண்ணைக் காட்டு. வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வான்னு கேக்கறேன். நீ வர முடியலைன்னா நான் வந்து கூட்டிட்டு வரேன். அதையும் கேக்கறேன். அவளுக்குத் தமிழ் சொல்லிக்குடுன்னும் கேக்கறேன்."

"இத்தன வருஷமா வாயத் தொறக்காதவன், இப்ப நிறுத்தவே மாட்டேங்கறான்," என்று சகாயம்மாள் மூக்கைச் சிந்தினார். அதை லிசி மொழிபெயர்த்தபோது, திரையில் இருந்தவர்களுள் யாரோ சிரித்தார்கள். மெரேயின் வாயோரமும் அசைந்தது. இம்முறை அவ்வீட்டில் எவரும் அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை.

வீரெமு மீண்டும் பேசினார். தங்கள் மருமகனைத் தாங்கள் விரும்புவதாகவும், குன்றில் அவனுக்காக இடம் பார்த்திருப்பதாகவும், அதை எளிதில் விட்டுவிடத் தங்களுக்கு மனமில்லை என்றும் சொன்னார். ஆனால் தந்தை கேட்டுவிட்டார். அவன் காதுபடக் கேட்டுவிட்டார். இனி முடிவு தந்தையுடையது. அவர் தருகிறேன் என்றால் தலைமேல் ஏற்றுக் கொண்டுபோவோம். வைத்துக்கொள்கிறேன் என்றால் இங்கிருந்தே அழுது அனுப்புவோம். இதைச் சொல்லிவிட்டு அவரும் அவருக்குப் பின்னே நின்றவர்களும் காத்திருந்தனர்.

தைரியராஜ் மெரேயைப் பார்த்தார். தழைவளையத்தின் இலைகள் வாடிக் கறுத்திருந்தன. மூன்று நாட்களாகத் தரையில் படுத்த பெண். வீட்டில் ஆறு வயதுக் குழந்தை காத்திருக்கும் பெண். அவள் கெஞ்சவில்லை, கண்களைத் தாழ்த்தவுமில்லை. 'சரிம்மா, கொண்டு போ' என்னும் சொல் அவர் நாவின் நுனியில் இருந்தது. அதைச் சொல்லிவிடுவது மிக எளிது. வாழ்நாள் முழுதும் சொல்லிப் பழகிய சொல் அது. அவர் அதைத்தான் சொல்லப் போகிறார் என்று லிசி அஞ்சினாள். சகாயம்மாள் கையிலிருந்த செபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டார்.

"அப்பா," என்று மெல்ல அழைத்தாள் லிசி.

அவர் பெட்டிக்குள் குனிந்து, விஜயராணியின் படம் சரிந்திருந்ததை நிமிர்த்தி வைத்தார். மகனின் நெற்றியில் கை வைத்தார். மூன்று நாட்களில் அவர் அவனைத் தொட்டது அப்போதுதான். பிறகு மெரேயை நோக்கி, அவளுக்குப் புரியும்படி ஆங்கிலத்தில், கல்லறையில் கல் நாட்டுவதைப் பற்றி அவர்கள் முறை என்ன என்று கேட்டார். ஓராண்டு கழித்து உறவினர் எல்லாரும் கூடித்தான், மூடிய துணியை விலக்கிக் கல்லைத் திறப்போம் என்றாள் அவள். அப்படியானால் கல் இப்போது வேண்டாம், ஹனா வந்து திறக்கட்டும் என்றார். அவள் வெகுநேரம் அவரையே பார்த்திருந்து, கைப்பேசியைத் தாழ்த்தி, பெட்டியின் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சகாயம்மாள் போய் அவளருகே அமர்ந்து, முதுகில் கை வைத்தார்.

மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. ஆசீர் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். தைரியராஜ் அவனைக் கடந்து வாசலுக்குப் போனார். முஜிபுர் ரஹ்மான் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"ஏத்திடலாமாங்க ஐயா?"

"வேணாம் தம்பி," என்றார் தைரியராஜ். "ஏர்போர்ட் போகல. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க. இங்க, நம்ம கல்லறைக்குத்தான்."